கண்மேல் கட்டிய கடை

(ராயபுரத்தில் நடந்த வாசகர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் ‘மெய்நிகர் உலகம்’ என்று தலைப்புப் போட்டிருக்கிறார்கள். தலையில் ஒரு பெட்டியை மாட்டிக்கொண்டால் திமிங்கலம் தெரியும், செவ்வாய்க் கிரகம் தெரியும் என்று நான் சொல்லப்போவதாக நினைத்து வந்த பிள்ளைகள் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். நான் பேச வந்தது கடைக் கணக்கு. அந்தப் பெட்டிக்குள் எந்த மென்பொருளை விடலாம், விட்டால் எவ்வளவு கமிஷன், அதை யார் முடிவு செய்வது என்பதற்காகத்தான் பத்துப் பன்னிரண்டு வருஷமாக உலகத்தின் பெரிய கம்பெனிகள் மோதிக்கொள்கின்றன. இதே சண்டை முதலில் செல்போனில் நடந்தது. அதன் ஒரு முக்கியமான சுற்று நடந்த இடம் நமக்குப் பக்கம்தான். ராயபுரத்தில் ரயில் ஏறினால் அடுத்த ஸ்டேஷன் பீச். அங்கே இறங்கினால், ஹார்பருக்கு எதிரே உயர் நீதிமன்றம். அந்த வழக்கை நடத்தியவர்களில் ஒருவர் ராயபுரத்துப் பிள்ளை. அவரிடம் வருகிறேன். அதற்கு முன்னால் ஹெட்செட், தலையில் மாட்டுகிற அந்தப் பெட்டி.

2024 அக்டோபரில் மெட்டா கம்பெனி, அதாவது பேஸ்புக்காரர்கள், ‘குவெஸ்ட் 3எஸ்’ என்ற ஹெட்செட்டை 299 டாலருக்கு விட்டார்கள். நல்ல செல்போனைவிடக் குறைந்த விலை. அந்த வருஷம் ஹெட்செட்டுகளைக் கவனிக்கிற ரியாலிட்டி லேப்ஸ் என்ற பிரிவுக்கு வந்த வருமானம் சுமார் 215 கோடி டாலர். நஷ்டம் 1,770 கோடி டாலருக்கு மேல். முந்தின வருஷம் 1,610 கோடி. அதற்கு முந்தின வருஷம் 1,370 கோடி. இதில் ஆராய்ச்சிச் செலவும் அடக்கம்தான். இருந்தாலும் வருஷா வருஷம் இவ்வளவு பணத்தைக் கொட்டுகிறவனுக்கு ஒரு காரணம் இருக்க வேண்டுமே?

காரணம் ஐபோனில் இருக்கிறது. 2021 ஏப்ரலில் ஆப்பிள் தன் போனில் ஒரு சின்னப் பெட்டிச் செய்தியைக் கொண்டுவந்தது. ‘இந்த ஆப் உங்களைப் பின்தொடர அனுமதிக்கிறீர்களா’ என்று கேட்கும். பெரும்பாலானவர்கள் வேண்டாம் என்று தட்டினார்கள். அதனால் 2022இல் தங்களுக்கு ஏறக்குறைய 1,000 கோடி டாலர் வருமானம் போகும் என்று மெட்டாவே கணக்குச் சொன்னது. பேஸ்புக்குக்கு எத்தனை கோடிப் பேர் இருந்தால் என்ன, அது ஓடுவது அடுத்தவன் போனில், அடுத்தவன் கடை வழியாக. அவன் ஒரு விதியை மாற்றினால் இவன் வயிற்றில் அடி. ஆகவே அடுத்த கருவி எதுவாக இருந்தாலும் அதன் வாசல் நம்முடையதாக இருக்கட்டும் என்று பேஸ்புக் தலைவர் ஜக்கர்பெர்க் முடிவு செய்தார். செய்தது 2021இல் அல்ல, அதற்கு முன்னாலேயே. ஆக்குலஸ் என்ற கம்பெனி 2012இல் பொதுமக்களிடம் இணையம் வழியாக 24 லட்சம் டாலர் திரட்டி ஆரம்பித்தது. இரண்டே வருஷத்தில், 2014 மார்ச்சில், அதை 200 கோடி டாலர் கொடுத்து வாங்குவதாக பேஸ்புக் அறிவித்தது. அப்போது ஆக்குலஸ் பொதுமக்களுக்கு ஒரு ஹெட்செட்கூட விற்பனைக்கு விடவில்லை. பொறியாளர்கள் பரிசோதிக்கிற மாதிரிக் கருவிதான் இருந்தது.

2016இல் கடைகள் மோதின. மார்ச்சில் ஆக்குலஸ் ரிஃப்ட் வந்தது, 599 டாலர். ஏப்ரலில் தைவானின் ஹெச்.டி.சி.யும் அமெரிக்காவின் வால்வும் சேர்ந்து ‘வைவ்’ கொண்டுவந்தார்கள், 799 டாலர். வால்வ் கையில் ஏற்கெனவே ‘ஸ்டீம்’ என்ற மாபெரும் கம்ப்யூட்டர் விளையாட்டுக் கடை இருந்தது, 2003இலிருந்து. அவர்களுக்கு யாருடைய ஹெட்செட்டை வாங்கினாலும் சரி, விளையாட்டை ஸ்டீமில் வாங்கினால் போதும். ஆக்குலஸ் தன் கடைக்கென்று பணம் போட்டு விளையாட்டுகளைச் செய்ய வைத்திருந்தது. அவை தன் ஹெட்செட்டில்தான் ஓட வேண்டும் என்றது. உடனே ஒரு புரோகிராமர் ‘ரிவைவ்’ என்று ஒரு சின்ன மென்பொருள் எழுதி, ஆக்குலஸ் விளையாட்டை வைவில் ஓட வைத்தார். மே மாதம் ஆக்குலஸ் ஒரு அப்டேட் விட்டது. ரிஃப்ட் ஹெட்செட் செருகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் விளையாட்டு திறக்கும். எங்களிடம் காசு கொடுத்து வாங்கியதை எதில் ஓட்டினால் எங்களுக்கென்ன என்று ஆக்குலஸின் நிறுவனரே முன்பு பெருந்தன்மையாக எழுதியிருந்தார். அது எல்லோருக்கும் நினைவிருந்தது.

பர்மா பஜாரில் பிளேஸ்டேஷனுக்குச் சிப் போட்ட காலத்தைப் பார்த்த பெரியவர்கள் இங்கே இருப்பீர்கள். அடுத்து என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பூட்டைத் தாண்ட ரிவைவ் எழுதியவர் வேறு வழி கண்டுபிடித்தார். அந்த வழியில் காசு கொடுத்தவனா கொடுக்காதவனா என்று பார்க்கிற சோதனையும் சேர்ந்து உடைந்தது. காசு கொடுத்து வாங்கியவனைத் தடுக்கப் போட்ட பூட்டு, திருட்டுக் காப்பிக்குக் கதவைத் திறந்துவிட்டது. ஜூன் மாதமே ஆக்குலஸ் அந்தச் சோதனையை எடுத்துவிட்டது.

பேஸ்புக் இதிலிருந்து கற்றுக்கொண்டது வேறு பாடம். கம்ப்யூட்டரோடு சேர்த்தால் கம்ப்யூட்டரில் வேறு கடையும் வரும். ஆகவே கம்ப்யூட்டரே வேண்டாம். 2019 மே மாதம் வந்த குவெஸ்ட் தானே தனித்து இயங்கும். உள்ளே ஓடுவது ஆண்ட்ராய்டின் ஒரு வகை, ஆனால் கூகுளின் கடை கிடையாது. அப்போது பேஸ்புக் தேர்ந்தெடுத்தவை மட்டுமே கடையில் இருந்தன.

இந்த இடத்தில் ஒருவரின் கதையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். கய் கோடின் என்று கனடாவைச் சேர்ந்த புரோகிராமர். ‘விர்ச்சுவல் டெஸ்க்டாப்’ என்ற ஆப்பை எழுதியவர். உங்கள் கம்ப்யூட்டர் திரையை ஹெட்செட்டுக்குள் பெரிய திரையாகக் காட்டும். குவெஸ்ட் வந்ததும் அதில் ஒரு புது வசதியைச் சேர்த்தார். கம்ப்யூட்டரில் ஓடுகிற ஸ்டீமின் வி.ஆர்., அதாவது மெய்நிகர், விளையாட்டை வைஃபை வழியாக, கம்பி இல்லாமல், குவெஸ்டில் ஆடலாம். ஜனங்கள் கொண்டாடினார்கள். சில நாளிலேயே பேஸ்புக்கிலிருந்து உத்தரவு வந்தது: அந்த வசதியை எடு, இல்லாவிட்டால் கடையில் இடமில்லை. அவர் எடுத்தார். எடுத்துவிட்டு, முழு ஆப்பை ‘சைட்குவெஸ்ட்’ என்ற வெளிவழியில் வைத்தார். கடையில் காசு கொடுத்து வாங்கியவர்கள், வெளியே போய் அதே ஆப்பின் முழு வடிவத்தை ஏற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. ஒன்றே முக்கால் வருஷம் கழித்து, 2021 பிப்ரவரியில், கடைக்குள்ளேயே அந்த வசதிக்கு அனுமதி கிடைத்தது. ஏப்ரலில் பேஸ்புக் தானே ‘ஏர் லிங்க்’ என்று அதே வசதியை இலவசமாகக் கொண்டுவந்தது.

கடைக்காரனே போட்டியாளனாகவும் இருக்கும்போது அவன் கையில் இருப்பது கமிஷன் மட்டும் இல்லை, நேரமும்தான். ஒருவனுடைய சரக்கை வாசலில் நிறுத்திவைத்து, தன் சரக்கு தயாராகிறவரை காத்திருக்கலாம். பேஸ்புக் அப்படித்தான் திட்டமிட்டது என்று நான் சொல்லவில்லை. அப்படித் திட்டமிட விரும்பினால் தடுக்க யாரும் இல்லை என்கிறேன்.

கமிஷனும் லேசில்லை. 2022 ஏப்ரலில் மெட்டா தன் ‘ஹொரைசன் வேர்ல்ட்ஸ்’ என்ற மெய்நிகர் உலகத்தில் பொருள் செய்து விற்பவர்களுக்கு ஒரு கணக்குச் சொன்னது. ஹெட்செட் கடைக்கு 30 சதவீதம். மிச்சத்தில் ஹொரைசனுக்கு நாலில் ஒரு பங்கு. மொத்தம் 47.5 சதவீதம். ஆப்பிளின் 30 சதவீதம் அநியாயம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த கம்பெனி! ஆப்பிள் இதை விட்டுவைக்கவில்லை, பத்திரிகையாளர்களிடம் குத்திக்காட்டியது.

வாசலைப் பார்த்துக்கொள்கிறவனுக்கு எந்தச் சரக்கு ஓடுகிறது என்பதும் தெரியும். பீட் சேபர் என்ற விளையாட்டு வி.ஆரில் சக்கைப்போடு போட்டது. 2019இல் அதைச் செய்த கம்பெனியையே பேஸ்புக் வாங்கியது. சூப்பர்நேச்சுரல் என்று ஓர் உடற்பயிற்சி ஆப், அதில் குத்துச்சண்டைப் பயிற்சியும் உண்டு. நம்ம ஏரியா குத்துச்சண்டைப் பரம்பரைக்காரர்கள் பார்த்தால் சிரிப்பார்கள், எதிரே ஆளே இல்லாத சண்டை. அதைச் செய்த விதின் கம்பெனியை மெட்டா வாங்கப் போனபோது அமெரிக்காவின் வர்த்தக ஆணையம் 2022இல் நீதிமன்றம் போய்த் தடுக்கப் பார்த்தது. 2023 தொடக்கத்தில் தோற்றது.

இனி நம்ம ஊர் வழக்கு.

முருகவேல் ஜானகிராமன் ராயபுரத்தில் வளர்ந்தவர். அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தவர் என்று அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். கம்ப்யூட்டர் படித்து அமெரிக்கா போனார். அங்கே தொண்ணூறுகளின் கடைசியில் தமிழர்களுக்காக ஓர் இணையதளம் நடத்தினார். அதில் செய்தி, நாள்காட்டி எல்லாம் இருந்தன. ஜனங்கள் மொய்த்தது வரன் பகுதியை. அதிலிருந்து வந்ததுதான் பாரத் மேட்ரிமோனி. பிறகு மேட்ரிமோனி டாட் காம் என்ற கம்பெனி, சென்னையில் தலைமையகம், 2017இல் பங்குச்சந்தை.

இவருக்கும் கூகுளுக்கும் பகை பழையது. தேடல் முடிவுகளில் கூகுள் தனக்குச் சாதகமாக நடந்துகொள்கிறது என்று 2012இலேயே இந்தியப் போட்டி ஆணையத்துக்குப் போனவர்களில் மேட்ரிமோனி டாட் காம் ஒன்று. 2018 பிப்ரவரியில் ஆணையம் கூகுளுக்கு 135.86 கோடி ரூபாய் அபராதம் போட்டது. அது தேடல் வழக்கு. நமக்கு வேண்டியது அடுத்தது.

ஆண்ட்ராய்டு போனில் ஆப் வாங்க ஜனங்களுக்குத் தெரிந்த வழி ப்ளே ஸ்டோர். ஆப்பை இறக்கிக்கொள்ளக் காசு ஒன்றும் இல்லை. ஆனால் ஆப்புக்குள் சந்தா கட்டினால் கூகுளின் பில்லிங் வழியாகத்தான் கட்ட வேண்டும் என்பது அப்போது விதி, அதில் 15 முதல் 30 சதவீதம் கூகுளுக்கு. வரன் பார்க்கிற குடும்பம் மூன்று மாசத்துக்கு ஐயாயிரம் கட்டுகிறது என்று வையுங்கள். 30 சதவீதம் என்றால் அதில் ஆயிரத்து ஐந்நூறு வாசல்காரருக்கு. பொண்ணைக் காட்டியதும் ஜாதகம் சேகரித்ததும் மேட்ரிமோனிக்காரர். 2022 அக்டோபர் 25ஆம் தேதி போட்டி ஆணையம் இந்தப் பில்லிங் கட்டாயம் தவறு என்று சொல்லி 936.44 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அதற்கு ஐந்து நாள் முன்னால்தான் ஆண்ட்ராய்டு விவகாரத்தில் 1,337.76 கோடி போட்டிருந்தது.

கூகுள் ஒரு வழி கண்டுபிடித்தது. சரி, உங்கள் சொந்தப் பில்லிங்கை வைத்துக்கொள்ளுங்கள், 4 சதவீதம் குறைத்துக்கொள்கிறோம் என்றது. அதாவது 15 இருந்த இடத்தில் 11, 30 இருந்த இடத்தில் 26. பணத்தை வாங்குகிற வேலையும் நம்முடையது, அதற்கு வங்கிக்குக் கட்டுகிற செலவும் நம்முடையது, அதன் பிறகும் 26 சதவீதம். இதை எதிர்த்துத்தான் மேட்ரிமோனியும் வேறு பல கம்பெனிகளும் சென்னை உயர் நீதிமன்றம் போனார்கள். 2023 ஆகஸ்டில் நீதிபதி சௌந்தர், இது போட்டி ஆணையம் பார்க்க வேண்டிய விஷயம், சிவில் வழக்காக வராது என்று மனுக்களைத் தள்ளினார். 2024 ஜனவரியில் தலைமை நீதிபதி அமர்வும் அதையே உறுதி செய்தது. பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை தரவில்லை.

மார்ச் 1, வெள்ளிக்கிழமை. பத்து இந்தியக் கம்பெனிகளின் ஆப்களை ப்ளே ஸ்டோரிலிருந்து எடுக்க ஆரம்பித்தது கூகுள். பாரத் மேட்ரிமோனி, ஷாதி, நௌக்ரி, 99 ஏக்கர்ஸ் எல்லாம் பட்டியலில். ஏற்கெனவே போனில் இருந்தவர்களுக்கு ஆப் வேலை செய்தது. புதிதாகத் தேடுகிறவனுக்கு இல்லை. முகூர்த்த மாசங்களுக்கு முன்னால் வரன் தேடும் ஆப் கடையில் இல்லை என்றால் என்ன அர்த்தம் என்று கல்யாணத் தரகர் யாரையும் கேட்டுப் பாருங்கள். மத்திய அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் இது சரியில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி இரு தரப்பையும் கூப்பிட்டார். நாலைந்து நாளில் ஆப்கள் திரும்ப வந்தன.

நீதிமன்றம் சட்டப்படி சரியான வாசலைத்தான் காட்டியது என்று வாதிடலாம், நான் அதில் நிபுணன் இல்லை. எனக்கு உறுத்துவது வேறு. வழக்கு எந்த மன்றத்தில் நடந்தாலும், நடக்கிற அத்தனை நாளும் வாசல் ஒருவர் கையில். பங்குச்சந்தையில் இருக்கிற கம்பெனிக்காக அமைச்சர் தலையிட்டார். தண்டையார்பேட்டையில் மாடியில் உட்கார்ந்து ஆப் எழுதுகிற பையனுக்காக யார் தலையிடுவார்? 2025 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அந்த 936 கோடியை 216.69 கோடியாகக் குறைத்தது. இரு பக்கமும் உச்ச நீதிமன்றம் போயிருக்கிறார்கள்.

போன் வழக்கு ஹெட்செட்டுக்கு எதற்கு என்று கேட்பீர்கள். 2024 டிசம்பரில் கூகுள் ‘ஆண்ட்ராய்டு எக்ஸ்.ஆர்.’ அறிவித்தது, ஹெட்செட்டுகளுக்கான ஆண்ட்ராய்டு. 2025 அக்டோபரில் சாம்சங் ‘கேலக்ஸி எக்ஸ்.ஆர்.’ விற்க ஆரம்பித்தது, அமெரிக்காவிலும் கொரியாவிலும், 1,799 டாலர். அதற்குள் இருப்பது அதே ப்ளே ஸ்டோர். அதே பில்லிங். ஆப்பிளின் விஷன் ப்ரோ 2024 பிப்ரவரியில் 3,499 டாலருக்கு வந்தது. அதற்குள் அதே ஆப் ஸ்டோர். அது வந்த அன்று யூடியூப், நெட்பிளிக்ஸ், ஸ்பாட்டிஃபை மூன்றும் அதற்கு ஆப் செய்யவில்லை. வேலை மிச்சம் என்பது ஒரு காரணமாக இருக்கலாம். வருஷக்கணக்காகக் கமிஷன் கட்டிக் கசந்தவர்கள் இன்னொரு வாசலை ஏன் வளர்த்துவிட வேண்டும் என்ற நினைப்பும் இருந்திருக்கும் என்பது என் ஊகம். மெட்டாவின் நிலைமைதான் வேடிக்கை. 2024 ஏப்ரலில் தன் ஹெட்செட் மென்பொருளை ஏசஸ், லெனோவோ போன்றவர்களுக்கும் தருவதாக அறிவித்தபோது, கூகுளே, உன் ப்ளே ஸ்டோரை எங்கள் ஹெட்செட்டுக்கும் கொண்டுவாயேன் என்று பகிரங்கமாக அழைத்தது. கூகுள் வரவில்லை. எட்டு மாசத்தில் சொந்தமாக வந்தது. வால்வும் சும்மா இல்லை: 2025 நவம்பரில் ‘ஸ்டீம் ஃபிரேம்’ என்ற தனித்து இயங்கும் ஹெட்செட்டை அறிவித்தது. ஆளுக்கொரு ஹெட்செட், ஆளுக்கொரு கடை.

இந்த ஊரில் நின்று இதைப் பேசுவதற்கு எனக்கு ஒரு வசதி உண்டு. இங்கே எல்லோருக்கும் கன்டெய்னர் தெரியும். ஜீரோ கேட் முன்னால் ட்ரெய்லர் வரிசை நிற்பதையும், எக்ஸ்பிரஸ் ரோட்டில் டிரைவர்கள் வண்டிக்கு அடியில் அடுப்பு மூட்டிச் சமைப்பதையும் பார்த்து வளர்ந்தவர்கள். 1956இல் அமெரிக்காவில் ஐடியல் எக்ஸ் என்ற கப்பல் 58 பெட்டிகளோடு கிளம்பியது. பெட்டியில் சரக்கு ஏற்றும் யோசனை அதற்கு முன்பும் இருந்தது. உலகம் மாறியது அறுபதுகளின் கடைசியில், பெட்டியின் அளவும் மூலையில் கொக்கி மாட்டுகிற துவாரமும் எல்லா நாட்டுக்கும் ஒன்று என்று முடிவானபோது. இருபதடி, நாற்பதடி. சென்னை ஹார்பரின் கிரேன் தூக்குகிற பெட்டியைக் கட்டுப்பள்ளியின் கிரேனும் தூக்கும், எண்ணூரும் தூக்கும். அதனால்தான் சென்னையில் கட்டணமும் காத்திருப்பும் ஏறினால் கப்பல் கம்பெனி வடக்கே இருபது முப்பது கிலோமீட்டர் தள்ளிப் போக முடிகிறது. பெட்டி யாருடைய கிரேனுக்கும் அடிமை இல்லை.

ஹெட்செட் உலகத்திலும் அப்படி ஒரு பெட்டி இருக்கிறது. ‘ஓப்பன் எக்ஸ்.ஆர்.’ என்று பெயர். குரோனாஸ் என்ற தொழில் கூட்டமைப்பு 2019 ஜூலையில் அதன் முதல் வடிவத்தை வெளியிட்டது. தலை எந்தப் பக்கம் திரும்பியது, கை எங்கே இருக்கிறது, எந்தப் பொத்தானை அழுத்தினார் என்பதை ஹெட்செட்டிடம் மென்பொருள் கேட்கிற முறையை ஒரே மாதிரி ஆக்கியது. மெட்டா, வால்வ், மைக்ரோசாஃப்ட், ஹெச்.டி.சி. எல்லோரும் ஏற்றார்கள். கூகுளின் ஆண்ட்ராய்டு எக்ஸ்.ஆரும் ஏற்கிறது. ஆப்பிள் சேரவில்லை.

ஆனால் பெட்டி பொதுவானால் மட்டும் போதாது. கட்டுப்பள்ளியை எல் அண்டு டி கட்டியது. 2018இல் அதானி வாங்கியது. எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் இருக்கிற கன்டெய்னர் முனையமும் அதானி குழுமத்தினுடையது, அதில் ஒரு வெளிநாட்டுக் கப்பல் கம்பெனிக்கும் பங்குண்டு. பெட்டி எல்லாக் கேட்டிலும் நுழையும்தான், கேட்டுகள் சில கைகளில் சேர்ந்தால்? துறைமுகத்துக்காவது கட்டணத்தைப் பார்க்க அரசு வைத்த அமைப்பு இருந்தது. ஆப் கடைக்கு அப்படி யார்? ஓப்பன் எக்ஸ்.ஆரில் ஆப் எழுதினால் ஐந்து ஹெட்செட்டில் ஓடலாம். ஆனால் அந்த ஐந்திலும் போய்ச்சேர ஐந்து கடைக்காரர்களின் அனுமதி வேண்டும். இப்போதைக்கு இதில் கொஞ்சம் தாராளமாக இருப்பது வால்வ்தான், அதுவும் 30 சதவீதக்காரரே.

அனுமதி என்றால் என்ன என்று ஒரு தடவை கிட்டப்போய்ப் பார்ப்போம். ஒரு பையன் கிரேன் ஓட்டப் பயிற்சி தருகிற வி.ஆர். ஆப் எழுதுகிறான். குவெஸ்டில் தன் சொந்த ஆப்பைத் தானே ஏற்றிப் பார்க்க வேண்டும். முதலில் மெட்டாவில் டெவலப்பராகப் பதிய வேண்டும். போன் நம்பரோ கார்டோ கொடுத்துத் தன்னை நிரூபிக்க வேண்டும். பிறகு கைப்பேசியிலுள்ள மெட்டாவின் ஆப்பைத் திறந்து, அதில் ஹெட்செட்டைத் தேர்ந்து, ‘டெவலப்பர் மோட்’ என்பதைப் போட வேண்டும். கம்பி செருகி, ஹெட்செட்டைத் தலையில் மாட்டி, உள்ளே வருகிற ‘இந்தக் கம்ப்யூட்டரை நம்பலாமா’ என்ற கேள்விக்கு ஆமாம் சொல்ல வேண்டும். அப்புறம்தான் தன் ஆப். அதுவும் ‘அறியப்படாத மூலங்கள்’ என்ற தனி அறையில் கிடக்கும். காசு கொடுத்து வாங்கிய பெட்டி, தானே எழுதிய மென்பொருள். இதை ஹார்பரில் கிரேன் ஏறப் போகிற முப்பது பேருக்குச் செய்து கொடுக்க முடியுமா? நியாயமாகச் சொன்னால் மெட்டா இதில் மற்றவர்களைவிட மோசமில்லை. 2021இல் ‘ஆப் லேப்’ என்று ஒரு பக்கவாசல் வைத்து, 2024இல் அதைப் பெரிய கடையோடு சேர்த்துவிட்டது.

பயனர் கணக்கு விஷயத்தில் ஜெர்மனி செய்ததை ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 2020இல் குவெஸ்ட் 2 வந்தபோது பேஸ்புக் கணக்கு இல்லாமல் ஹெட்செட் இயங்காது என்றார்கள். ஜெர்மனியின் போட்டி ஆணையம் விசாரணை தொடங்கியது. அதற்கு முன்பே பேஸ்புக் அங்கே விற்பனையை நிறுத்தியிருந்தது. இரண்டு வருஷம் ஜெர்மானியர்கள் கடையில் வாங்க முடியவில்லை. 2022 ஆகஸ்டில் பேஸ்புக் கணக்கு இல்லாமலும் நுழைய மெட்டா வழி செய்தது. அந்த மாற்றம் உலகம் முழுக்க வந்தது, நமக்கும் சேர்த்து.

வட சென்னைக்கு ஹெட்செட் விளையாட்டாக வராது, வேலையாக வரும் என்பது என் எண்ணம். எண்ணூரில் அசோக் லேலண்ட், திருவொற்றியூரில் எம்.ஆர்.எஃப்., மணலியில் சுத்திகரிப்பு ஆலை, மூன்று துறைமுகம். வெல்டிங் பழக ஒரு தகடு வீணாகாது, தீ விபத்து ஒத்திகைக்கு நிஜத் தீ வேண்டாம், கிரேன் பழகுகிறவன் நிஜப் பெட்டியைக் கீழே போடமாட்டான். தமிழ்நாடு அரசு டாடா டெக்னாலஜீஸோடு சேர்ந்து 71 அரசு ஐ.டி.ஐ.களை 2,877 கோடி ரூபாய்ச் செலவில் நவீனமாக்கும் வேலையை நடத்தியிருக்கிறது. கிண்டிப் பக்கம் ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் மணிவண்ணன் தலைமையில் எக்ஸ்டிக் என்ற மையமே இதற்கு இருக்கிறது. ஆகவே ஹெட்செட்டுகள் வரும். வரும்போது டெண்டர் போடுகிற அதிகாரி விலையைப் பார்ப்பார், திரையின் தெளிவைப் பார்ப்பார். கடைக்காரன் கடையை மூடினால் இந்தப் பெட்டி என்ன ஆகும் என்று கேட்பாரா?

கேட்க வேண்டும், ஏனென்றால் மூடியிருக்கிறார்கள். மைக்ரோசாஃப்ட் 2017இல் ‘விண்டோஸ் மிக்ஸ்டு ரியாலிட்டி’ என்று ஆரம்பித்தது. ஏசர், டெல், ஹெச்.பி., லெனோவோ, சாம்சங் எல்லோரும் ஹெட்செட் செய்தார்கள். ஹெச்.பி.யின் ரிவர்ப் ஜி2 2020இல் வந்தது, நல்ல கருவி, விமான ஓட்டம் பழகுகிறவர்கள் விரும்பி வாங்கினார்கள். 2023 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட் இதைக் கைவிடுவதாகச் சொன்னது. 2024இல் வந்த விண்டோஸ் 11 புதுப்பிப்பில் அந்த மென்பொருளே இல்லை. புதுப்பித்தவர்களின் ஹெட்செட் நின்றது. கண்ணாடி உடையவில்லை, மோட்டார் எரியவில்லை, ஒரு திருகு கழலவில்லை. கூகுளின் டேட்ரீம் 2016இல் பிறந்து 2019இல் போனது. சாம்சங்கின் கியர் வி.ஆருக்கும் அதே கதி. அவற்றுக்கென்று எழுதிய ஆப்கள் அவற்றோடு போயின.

ஆகவே கேட்க வேண்டியது இதுதான். பயிற்சி மென்பொருள் ஓப்பன் எக்ஸ்.ஆரில் எழுதப்பட்டதா? அதன் மூலக் கோப்புகள் ஐ.டி.ஐ. கையில் இருக்குமா, விற்றவர் கையிலா? கடை இல்லாமல், இணையமும் இல்லாமல் ஹெட்செட் தொடங்குமா? பயிற்சி எடுக்கிற பையனின் பார்வையும் கையசைவும் யார் சர்வருக்குப் போகிறது? இதற்குப் பதில் எழுத்தில் வாங்காமல் நூறு ஹெட்செட் வாங்குவது, சலுகை விலையில் வாங்கினாலும், வீண் செலவு என்பேன்.

கடைசியாகத் தொலைக்காட்சி வழக்கு. இதைப் பலர் கவனிக்கவில்லை. ஆண்ட்ராய்டு டி.வி.யில் ப்ளே ஸ்டோர் வேண்டுமென்றால் கூகுளின் மற்ற ஆப்களையும் மொத்தமாக ஏற்க வேண்டும் என்ற ஒப்பந்தத்தை எதிர்த்து ஒரு புகார் போனது. போட்டி ஆணையம் 2021இல் விசாரணைக்கு உத்தரவிட்டது. 2025 ஏப்ரலில் கூகுள் 20.24 கோடி ரூபாய் கட்டிச் சமரசத்துக்கு வந்தது. இந்தியாவில் டி.வி. செய்கிறவர்களுக்கு ப்ளே ஸ்டோரையும் அதன் சேவையையும் மட்டும் தனியாகத் தர ஒப்புக்கொண்டது. போனுக்கு ஒரு வழக்கு, டி.வி.க்கு ஒரு வழக்கு என்று கருவிக்குக் கருவி ஆணையம் தனித்தனியாகத்தான் பார்க்கிறது. ஹெட்செட் இந்தியாவில் பரவும்போது அதற்கும் தனியாக ஒன்று வேண்டியிருக்கும். அந்த டி.வி. புகாரைக் கொடுத்தது எந்தக் கம்பெனியும் இல்லை, இரண்டு வழக்கறிஞர்கள். தனிமனிதர் இந்தியப் போட்டி ஆணையத்தில் புகார் கொடுக்கக் கட்டணம் 5,000 ரூபாய்.

இப்போது முன்வரிசைப் பிள்ளைகள் திமிங்கலத்தைப் பற்றிக் கேட்கலாம்.